கடுகுக் கீரை: இலை பெருக்கும் முன்பே பூத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

ஈரோட்டு மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரைக்கீரை, சிறுகீரை, பாலக் ஆகிய மூன்றும் எங்கள் மாடியில் எந்தச் சிரமமும் இல்லாமல் வளர்கின்றன. கடுகுக் கீரை மட்டும் வசப்படவில்லை. வீட்டுக்காரரின் பணி காரணமாகச் சில ஆண்டுகள் வட இந்தியாவில் இருந்ததால், குளிர்காலத்தில் அந்தக் கீரையை மக்காச்சோள ரொட்டியுடன் சாப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது; இங்கே உழவர் சந்தையில் அது கிடைப்பதில்லை.

அஞ்சறைப் பெட்டியில் இருந்த கடுகையே ஆவணி மாதத்தில் வளர்ப்புப் பையில் தூவினேன். நான்காம் நாளே அடர்த்தியாக முளைத்துவிட்டது. ஆனால் செடி முழங்கால் உயரம் எட்டுவதற்குள் நடுவிலிருந்து ஒல்லியான தண்டு நீண்டு மஞ்சள் பூ வந்துவிடுகிறது. இலைகள் உள்ளங்கை அளவைத் தாண்டுவதில்லை. வாயில் வைத்தால் மூக்கில் ஏறும் அளவுக்குக் காரம். விதை காரணமா, பருவம் காரணமா, மண்கலவை காரணமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். கலவை என்று பார்த்தால் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு, சிறிது செம்மண்.

கோவை விதைப்பெட்டி

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஆனாலும் முதலிடம் விதைக்குத்தான்.

நம் சமையலறைக்கு வரும் கடுகில் பெரும்பகுதி ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் ரகங்களின் விதை. அவை விரைவாகப் பூத்து நிறையக் காய் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. விதைத்த 35 முதல் 50 நாளுக்குள் அவை பூப்பது அவற்றின் இயல்பு. நம் மாடி வெயிலில் அது இன்னும் முந்தும். கீரைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கடுகும் தாவரவியல்படி அதே பிராசிகா ஜன்சியா இனம்தான் என்றாலும், அது முதலில் அகன்ற இலைகளை அடுக்கிக்கொண்டு, பூத்தண்டு தள்ளுவதைத் தாமதப்படுத்தும். ஒரே இனத்துக்குள் இத்தனை வேறுபாடா என்று தோன்றலாம். சீனாவின் சிச்சுவான் பகுதியில் இதே இனத்தில் தண்டு முண்டுமுண்டாகப் பருக்கும் வகையை ஊறுகாய்க்கென்றே வளர்க்கிறார்கள். நேபாளத்தில் 'ராயோ' என்ற பெயரில் அகன்ற இலை வகையை வளர்த்து, இலையைப் புளிக்கவைத்து உலர்த்தி 'குந்துருக்' செய்து வைத்துக்கொள்கிறார்கள். மணிப்பூரில் இது அன்றாடக் கீரை. ஆகவே விதை வாங்கும்போது 'இலைக் கடுகு' அல்லது 'சர்சோன் சாக்' என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பு இலையுடைய 'ரெட் ஜயண்ட்', சுருள் இலையுடைய 'சதர்ன் ஜயண்ட் கர்ல்ட்' ஆகிய வெளிநாட்டு ரகங்களும் இணையத்தில் விதைக் கடைகளில் கிடைக்கின்றன.

அஞ்சறைப் பெட்டிக் கடுகு அறவே பயன்படாது என்று சொல்லமாட்டேன். நெருக்கமாகத் தூவி, மூன்று நான்கு இலைப் பருவத்தில், அதாவது 20 முதல் 25 நாளுக்குள், கத்தரியால் அறுத்துக்கொள்ள அது போதும். அதைப் பெரிய செடியாக்க முயன்றால்தான் ஏமாற்றம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: விதைப்புக்கென விற்கப்படும் கடுகில் பூஞ்சாணக்கொல்லி கலந்து நிறமூட்டியிருப்பார்கள். அந்த விதையை முளைகட்டியோ தாளித்தோ உண்ணக் கூடாது. மீதியைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, சமவெளியில் ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழிவரை விதைத்து, மாசிக்குள் அறுவடையை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற மாதங்களில் இதை விதைப்பது நீரையும் உழைப்பையும் வீணாக்குவதே.

பினாங்கு வாசகி

கோவை நண்பரின் விதை விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். பருவத்தைப் பற்றி அவர் கூறுவதை மட்டும் அப்படியே ஏற்க இயலவில்லை.

நான் இருக்கும் பினாங்கில் குளிர்காலம் என்ற ஒன்றே கிடையாது. பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24 டிகிரி என்று ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலை. அப்படியிருந்தும் மலாய் மொழியில் 'சாவி' எனப்படும் வகைக் கீரைகள் சந்தையில் இல்லாத நாளே இல்லை. அவற்றுள் சில வேறு இனம் என்பது உண்மை. ஆனால் சீனர்கள் 'கைச்சோய்' என்று சொல்லும், சற்றுக் கசக்கும் கீரை நாம் பேசும் இதே கடுகுக் கீரைதான். அதைத் தாழ்நிலத்திலேயே வளர்க்கிறார்கள். வெப்பம் தாங்கும் குட்டை ரகத்தைத் தேர்ந்தெடுப்பதும், பெரிதாகட்டும் என்று காத்திராமல் 30 முதல் 40 நாளுக்குள் வேரோடு பிடுங்கிவிடுவதுமே அவர்களின் வழி. எங்கள் வீட்டின் பின்புறத்தில் காலை வெயில் மட்டும் படும் சுவரோரத்தில் நானும் அவ்வாறே வளர்க்கிறேன். இங்கேயே முடிவது ஈரோட்டில் ஏன் முடியாது?

கோவை விதைப்பெட்டி

அம்மா, நல்ல கேள்வி எழுப்பினீர்கள். நான் வெப்பத்தை மட்டும் வைத்துப் பேசியதுபோல் அமைந்துவிட்டதால், பகல் நீளத்தையும் சேர்த்து விளக்குகிறேன்.

கடுகு நெடும்பகல் தாவரம். பகல் நீள நீளப் பூக்கும் தூண்டுதல் அதற்கு மிகும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம்தான். தமிழகத்திலோ வேறுபாடு இன்னும் கூடுதல்: சென்னையின் அட்சத்தில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம், ஜூன் பிற்பகுதியில் 13 மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. வடக்கில் இருப்பதைப்போல் இது பெரிய வேறுபாடு அன்று. எனினும் நமக்குப் பகல் நீளும் மாதங்களும் வெயில் கொளுத்தும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. சித்திரையில் இரண்டும் சேர்ந்து தாக்கும்போது, அதனுடன் மாடித் தளத்தின் சூடும் கூடி வேர் காய்ந்தால், செடி தன் விதையைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்கிவிடுகிறது. பினாங்கின் 32 டிகிரியும் ஈரோட்டின் 40 டிகிரியும் ஒன்றல்ல. காற்றின் ஈரப்பதமும் ஒன்றல்ல.

என்றாலும் உங்கள் கருத்தின் மையத்தை ஒப்புக்கொள்கிறேன். குட்டை ரகம், இளம் அறுவடை, காலை வெயில் மட்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் ஆடி, ஆவணியிலும் ஓரளவு எடுக்கலாம். பங்குனி முதல் வைகாசிவரை அதுவும் வேண்டாம்.

சென்னைப் பால்கனி

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு திருத்தம் தேவை. ஐப்பசிக் கடைசி என்பது கோவைக்கும் ஈரோட்டுக்கும் பொருந்தும். எங்களுக்கு அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். கடுகு நாற்று நீர் தேங்குவதைச் சிறிதும் பொறுக்காது. இரண்டு நாள் விடாமல் பெய்தால் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து, நூல்போல் மெலிந்து, வரிசையாகச் சாய்ந்துவிடும். ஆகையால் நாங்கள் குழித்தட்டில், மழை படாத இடத்தில் நாற்று விட்டு, நான்கு இலை வந்தபின் கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்வதைப் பார்த்து எடுத்து நடுகிறோம். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு நடவு அதிர்ச்சி குறைவு என்பதால் நட்ட மறுவாரமே நிமிர்ந்துவிடும்.

குன்னூர்த் தோட்டக்காரர்

மலையில் எங்களுக்கு வெப்பம் சிக்கலே இல்லை. ஆகவே பூத்தல் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஈரோட்டுச் சகோதரியின் மண்கலவையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தென்னை நார்க்கழிவு பாதிக்குப் பாதி என்பது கீரைக்கு மிகை. கட்டியாக வரும் நார்க்கழிவைப் பலமுறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றியிருக்க வேண்டும். மக்காத நார்க்கழிவு, தான் மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது அடி இலைகள் வெளிறி, செடி வளர்ச்சி நின்று, நின்ற இடத்திலேயே பூக்கும். கடுகுக் கீரை ஒரு நாளும் தடைப்படாமல், ஒரே மூச்சில் வளர வேண்டிய பயிர். நீர் ஒரு வேளை தவறினாலும் அதன் காரம் கூடிவிடும். மண் மூன்று பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, ஒவ்வொரு பைக்கும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று மாற்றிப் பாருங்கள். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். முளைத்த பின் கலைத்துவிடத் தயங்கக் கூடாது; பெரிய இலை வேண்டுமானால் செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி கட்டாயம். கலைத்த நாற்றுகளை அன்றே பருப்பில் போட்டுவிடலாம். நெருக்கத்தில் நிற்கும் செடிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தண்டு விடுவதை உங்கள் பையிலேயே பார்த்திருப்பீர்கள்.

அடுத்து, இதே பையில் சென்ற முறை முள்ளங்கியோ முட்டைக்கோசோ நூல்கோலோ இருந்திருந்தால் அங்கே கடுகை விதைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். நோயும் பூச்சியும் பங்காளிச் சொத்துபோல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்துசேரும்.

ஈரோட்டு மாடித்தோட்டம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. குன்னூர் ஐயா சொன்னபடி அடி இலைகள் வெளிறித்தான் இருந்தன. நார்க்கழிவை ஒரு முறை நனைத்ததோடு சரி. பூச்சி என்றதும் நினைவுக்கு வருகிறது: இலையின் அடிப்புறமும் பூங்கொத்தும் சாம்பல் பச்சை நிற அசுவினியால் மூடப்பட்டிருந்தன. அத்துடன் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள். உண்ணும் இலை என்பதால் எதைத் தெளிப்பது என்றே தெரியவில்லை. வேப்பெண்ணெய் சரியா?

குன்னூர்த் தோட்டக்காரர்

மூன்று பூச்சிகளைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் மருத்துவம் வேறு.

ஊசித்துளைகள் என்றால், தொட்டவுடன் துள்ளிக் குதிக்கும் கடுகளவுக் கருவண்டின் வேலை. அது நாற்றுப் பருவத்தில்தான் அதிகம் தாக்கும். விதைத்த அன்றே மூங்கில் தப்பைகளை வளைத்து நட்டு, மேலே கொசுவலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் அமிழ்த்திவிட்டால் அது உள்ளே நுழையாது. பூச்சி வந்தபின் வலையைப் போர்த்துவதால் பயன் இல்லை.

இலை ஓரத்திலிருந்து பெரிய பெரிய கடிகள் இருந்தால், காலையிலும் மாலையிலும் குனிந்து பாருங்கள். கருமை கலந்த பச்சை நிறத்தில், உடலில் கோடுகளுடன், சுருக்கம் விழுந்த தோலுடைய ஒரு புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும். பட்டாம்பூச்சியின் புழுபோல் தெரிந்தாலும் அது குளவி இனத்தைச் சேர்ந்த கடுகு ரம்ப ஈயின் புழு. விரல் பட்டதும் சுருண்டுகொண்டு, செத்ததுபோல் கீழே விழுந்துவிடும். அதுவே நமக்கு வசதி: ஒரு முறத்தையோ தட்டையோ அடியில் பிடித்துக்கொண்டு செடியை மெல்லத் தட்டினால் எல்லாம் அதில் வந்து விழும். நான்கைந்து பைகள் உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட வேறு மருந்து தேவையில்லை.

அசுவினிக்கு முதல் மருந்து தண்ணீர். இலையைத் திருப்பிப் பிடித்து, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்தவற்றில் பெரும்பாலானவை மீண்டும் ஏறி வராது. கூட்டமாக மூடிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று இரண்டு தென்பட்டால் எதையும் தெளிக்காமல் பொறுத்திருங்கள்.

கோவை விதைப்பெட்டி

வேப்பெண்ணெயைப் பற்றிச் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதனுடன் கலப்பதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் என்ற அளவில் மாலை நேரத்தில் தெளிக்கலாம், பாதகம் இல்லை. ஆனால் அதன் நாற்றமும் கசப்பும் இலையில் தங்கும் என்பதால் நாற்றுப் பருவத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பறிக்கத் தொடங்கிய செடிக்குக் குன்னூர் ஐயாவின் தண்ணீர் முறையே மேல். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரந்தோறும் ஊற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தழைச்சத்து மிகுந்து இலை கரும்பச்சையாய்த் தளதளவென்று இருக்கும்போதுதான் அசுவினி முதலில் தேடி வருகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, நன்கு நீர்த்த கரைசல் போதும்.

மழை முடிந்த குளிரில் இலையின் அடியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் வெண்ணிறக் கொப்புளங்கள் தோன்றினால் அது வெண்துரு நோய். அந்த இலைகளை உரக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்திவிட்டு, நீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் மட்டும் காலை வேளையில் ஊற்றுங்கள்.

லூதியானாத் தமிழர்

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பஞ்சாபில் வசிக்கிறேன். பூத்தண்டு வந்துவிட்டால் பயிர் போயிற்று என்ற எண்ணம் இந்த உரையாடல் முழுவதும் ஓடுவதால் எழுதத் தோன்றியது.

இங்கே 'சாக்' என்னும் கீரைக் கடைசலைச் சமைப்பவர்கள் இலையைவிட விரும்பித் தேடுவது அந்த இளந்தண்டைத்தான். 'கந்தல்' என்பார்கள். மொட்டு விரிவதற்கு முன், நகத்தால் கிள்ளினால் சட்டென்று ஒடியும் பதத்தில் அதைப் பறித்து, அடிப்பகுதியில் நார் இருந்தால் மட்டும் தோலை உரித்து, பொடியாக நறுக்கி இலையுடன் வேகவைப்பார்கள். சாக்குக்கு இனிப்பும் வழுவழுப்பும் தருவது அதுவே. ஆகவே ஈரோட்டுச் சகோதரி நடுத்தண்டு நீளத் தொடங்கியதும் வருந்த வேண்டாம். உச்சியைக் கிள்ளி எடுத்துக்கொண்டால், பக்கக் கணுக்களிலிருந்து மேலும் தண்டுகள் வரும். அவை மெலிதாக இருந்தாலும் உண்ணத் தகுந்தவை. பூ மலர்ந்து தண்டு நாராகிவிட்டால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: கடுகுக் கீரையை இவர்கள் தனியாகச் சமைப்பதே அரிது. இரண்டு பங்கு கடுகுக் கீரைக்கு ஒரு பங்கு பாலக், அதில் பாதியளவு 'பதுவா' என்று சேர்த்துக் காரத்தைத் தணிக்கிறார்கள். பதுவா என்பது நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரையே. மிதமான தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவைத் தூவிக் கெட்டியாக்கி, நெய்யில் இஞ்சி பூண்டு தாளிப்பார்கள். எனவே மாடியில் ஒரு பை கடுகுக் கீரைக்கு அருகிலேயே பாலக்கும் சக்கரவர்த்திக் கீரையும் ஒரே வாரத்தில் விதைத்துவிட்டால் மூன்றும் சேர்ந்து பறிப்புக்கு வரும்.

பினாங்கு வாசகி

தண்டைப் பற்றிய செய்தி மிகவும் பயனுள்ளது. இங்கும் பூமொட்டோடு கூடிய சாவிக்குத்தான் விலை அதிகம். அதை நான் இதனுடன் இணைத்துப் பார்க்கவில்லை.

காரத்தைப் பற்றி ஒரு விளக்கம். இலை முழுதாக இருக்கும்வரை அதில் காரம் இல்லை. சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் இலைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கடித்தாலோ நறுக்கினாலோ இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் உண்டாகிறது. கொதிநீரில் இட்டால் நொதி செயலிழந்துவிடும். எனவே காரம் குறைய வேண்டுமானால், இலையை முழுதாகக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தபின் நறுக்குங்கள். காரம் பிடிக்கும் என்றால் பொடியாக நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து வதக்குங்கள். எங்கள் வீட்டில் முதல் முறையில் நறுக்கிப் பாசிப்பருப்புக் கூட்டாகச் செய்கிறோம். தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால் சிறுவர்கள் முகம் சுளிப்பதில்லை.

சென்னைப் பால்கனி

என் தாயார் இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை உட்கொள்கிறார். தைராய்டு குறைபாடும் உண்டு. அவருக்கு இந்தக் கீரையைத் தரலாமா?

கோவை விதைப்பெட்டி

கடுகுக் கீரையில் வைட்டமின் கே மிகவும் அதிகம். மாத்திரை வார்பரின் வகையாக இருந்தால், திடீரென்று நிறைய உண்பதும் திடீரென்று நிறுத்துவதும் மருந்தின் வேலையைப் பாதிக்கும். மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவை வாரந்தோறும் ஒரே சீராகக் கொடுங்கள். தைராய்டைப் பொறுத்தவரை, பச்சையாக அரைத்துக் குடிப்பதைத் தவிர்த்து, வேகவைத்து அளவோடு உண்பதே முறை; அதையும் அதே மருத்துவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இது சிறந்த கீரை. பாலக்கில் உள்ளதைப்போல் ஆக்சலேட் மிகுந்திராததால் இதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் நன்றாக ஏற்றுக்கொள்கிறது.

ஈரோட்டு மாடித்தோட்டம்

இலைக் கடுகு விதைக்குச் சொல்லிவிட்டேன். பழைய கலவையைக் கொட்டி, குன்னூர் ஐயா சொன்ன விகிதத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசிக் கடைசியில் பாலக், சக்கரவர்த்திக் கீரையுடன் சேர்த்து விதைப்பதாக முடிவு. இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. வெளி இலைகளை மட்டும் பறிப்பதா, மொத்தமாக அறுப்பதா? அடுத்த ஆண்டுக்கு விதையை நானே எடுக்க முடியுமா?

குன்னூர்த் தோட்டக்காரர்

இடைவெளி விட்டு வளர்த்த செடிகளில் வெளி இலைகளை மட்டும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்றாக, காம்போடு ஒடித்து எடுங்கள்; நடுக்குருத்தைத் தொடாதீர்கள். நடுவில் குறைந்தது நான்கைந்து இலைகள் எப்போதும் நிற்க வேண்டும். நெருக்கமாக விதைத்த பையை மட்டும் தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அறுங்கள்; நீரும் சிறிது மண்புழு உரமும் கொடுத்தால் இன்னொரு முறை துளிர்க்கும், மூன்றாம் முறைக்கு ஆசைப்படாதீர்கள்.

விதை தாராளமாக எடுக்கலாம். கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் என்றாலும், தேனீக்கள் வழியாக ஓரளவு கலப்பு நிகழும். எனவே அஞ்சறைப் பெட்டிக் கடுகுச் செடி எதுவும் அதே நேரத்தில் அருகில் பூக்கக் கூடாது. எல்லாச் செடிகளிலும் கடைசியாகப் பூப்பது எதுவோ அதற்கு ஒரு நூலைக் கட்டி, அதன் தண்டைக் கிள்ளாமல் விதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் பூத்ததிலிருந்து விதை எடுத்தால், சில ஆண்டுகளில் விரைவாகப் பூக்கும் குணம்தான் உங்கள் மாடியில் நிலைத்து நிற்கும். காய்கள் மஞ்சளாகிப் பழுப்பேறத் தொடங்கியதும், வெடித்துச் சிதறுவதற்கு முன், பனியின் ஈரம் இருக்கும் விடியற்காலையில் கொத்தோடு அறுத்துத் துணிப்பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நன்கு உலர்த்திக் காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள்வரை முளைப்புத்திறன் இருக்கும். மாசியில் பை காலியானதும் அதில் வெண்டையையோ தட்டைப்பயற்றையோ விதைத்துவிடுங்கள். அடுத்த கார்த்திகையில் கடுகு வேறு பையில் இருக்கட்டும்.